பாக்ஸை மாற்றுவதா, கம்பெனியை மாற்றுவதா? கேரள எல்லைத் தமிழ் வீடுகளுக்கு டிடிஎச் கணக்கு

2024 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தன் கட்டண ஆணையைத் திருத்தியது. டிடிஎச் கம்பெனிகளும் கேபிள்காரர்களும் மாதந்தோறும் வாங்கும் இணைப்புக் கட்டணத்துக்கு அதுவரை இருந்த உச்சவரம்பு எடுக்கப்பட்டது. எவ்வளவு வாங்குவது என்பதை இப்போது கம்பெனிதான் முடிவு செய்கிறது. பக்கத்து வீட்டிலும் உங்கள் வீட்டிலும் ஒரே சேனல்கள் ஓடினாலும் ரீசார்ஜ் தொகை வேறாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மறையூர், மூணாறு, பீருமேடு என்று கேரள எல்லைக்குள் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. பேக் மலையாளத்தை மையமாக வைத்து வருகிறது. மழைக்காலத்தில் படம் நின்று நின்று ஓடுகிறது. "கம்பெனியையே மாத்திடலாமா?" என்ற பேச்சு வீட்டில் எழுவது இந்தக் கட்டத்தில்தான்.

மாற்றலாம். அதற்கு முன் "டிவி சரியில்லை" என்று சொல்வதில் எதைச் சொல்கிறோம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். டிஷ்ஷும் கேபிளும் ஒன்று, பாக்ஸ் இன்னொன்று, பேக்கும் கட்டணமும் மூன்றாவது. கம்பெனியை மாற்ற வேண்டிய தேவை வருவது மூன்றாவதுக்காக மட்டுமே. இரண்டாவதைப் பழைய கம்பெனியிலேயே மாற்றிக்கொள்ளலாம். முதலாவதைப் பல நேரம் ஒரு ஸ்பேனரும் ஒரு புது கனெக்டரும் சரிசெய்துவிடும்.

முதலில் சில சொற்கள்

செயற்கைக்கோள் அனுப்பும் கேயூ பேண்ட் அலை சுமார் 11 முதல் 12 கிகாஹெர்ட்ஸ் வரையிலானது. இந்த அலை கேபிளுக்குள் நீண்ட தூரம் போகாது. அதனால் டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி அதை வாங்கி, 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இறக்கிக் கேபிளில் விடுகிறது. எல்என்பிக்கு மின்சாரம் தருவது பாக்ஸ்தான், அதே கேபிள் வழியாக. 13 வோல்ட் போனால் எல்என்பி ஒரு பாதிச் சேனல்களை எடுக்கும், 18 வோல்ட் போனால் மறுபாதியை எடுக்கும். இந்த 13, 18 கணக்கை நினைவில் வையுங்கள். பின்னால் பல கோளாறுகளுக்கு இதுதான் விடை.

பாக்ஸ் பூட்டிய சிக்னலைத் திறந்து படமாக்குகிறது. ஒவ்வொரு கம்பெனியின் பூட்டும் வேறு. ஆகவே ஒரு கம்பெனியின் பாக்ஸ் இன்னொரு கம்பெனிக்கு உதவாது. எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தும் பாக்ஸ் வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. கடையில் அப்படியொரு பாக்ஸை இன்னும் வாங்க முடியாது. கம்பெனி மாறும் செலவில் பெரும் பங்கு இந்தப் பாக்ஸுக்குத்தான் போகிறது.

கோளாறு எங்கே இருக்கிறது?

ரிமோட்டில் மெனுவைத் திறந்து சிக்னல் பக்கத்துக்குப் போனால் அளவு, தரம் என்று இரண்டு கோடுகள் தெரியும். அளவு என்பது கேபிள் வழியாக வந்து சேரும் மொத்தச் சக்தி, இரைச்சலும் சேர்த்து. அதில் உருப்படியான சிக்னல் எவ்வளவு என்பதைத் தரம் சொல்கிறது. படம் நிற்பதும் ஓடுவதும் தரத்தைப் பொறுத்தது. இந்த எண்கள் பாக்ஸுக்குப் பாக்ஸ் மாறுபடும் என்பதால் உங்கள் வீட்டு 70ஐப் பக்கத்து வீட்டு 85உடன் ஒப்பிடுவதில் பயனில்லை. தெளிவான வானமுள்ள ஒரு நாளில் உங்கள் பாக்ஸ் காட்டும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதனோடு ஒப்பிட்டால் போதும்.

1. அளவு நன்றாக இருந்து தரம் சுழியாக நின்றால், டிஷ் வேறு செயற்கைக்கோளைப் பார்க்கிறது அல்லது எதையுமே பார்க்கவில்லை. பாலக்காட்டுக் கணவாயில் இது அடிக்கடி நேரும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வரும், மார்கழி, தை மாதங்களில் கிழக்குக் காற்று இதே கணவாய் வழியாக வரும். கஞ்சிக்கோட்டில் காற்றாலை நிற்பது சும்மா இல்லை. 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் ஏறத்தாழ 3 டிகிரிதான். கம்பத்தில் மாட்டிய பிடி தளர்ந்து டிஷ் ஒரு டிகிரி திரும்பினால் ஒன்றரை டெசிபெல் (சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) இழப்பு வரும். வெயில் நாளில் இது தெரியாது, படம் ஓடும். முதல் மழைக்கு நின்றுவிடும்.

2. சில சேனல்கள் வந்து மற்றவை வராமல் போனால், 18 வோல்ட் எல்என்பிக்குப் போய்ச் சேரவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கிச் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கலாம். கேபிளின் நடுக் கம்பி முழுச் செம்பாக இல்லாமல் இரும்பின் மேல் செம்புப் பூச்சாக இருந்து, நீளமும் அதிகமானால் வோல்ட் வழியிலேயே இறங்கிவிடும். பாக்ஸின் அடாப்டர் பலவீனமானாலும் இதேபோல் ஆகும். அடாப்டரை அதே வோல்ட், அதே ஆம்பியர் உள்ள இன்னொன்றால் மாற்றிப் பார்ப்பதுதான் எளிய சோதனை.

3. இரண்டு டிவிக்கு ஒரே எல்என்பியிலிருந்து சாதாரண ஸ்ப்ளிட்டர் போட்டிருந்தால், ஒரு அறையில் சேனல் மாற்றும்போது மற்ற அறையில் படம் போகும். ஒரு பாக்ஸ் 13 கேட்கிறது, மற்றது 18 கேட்கிறது. இது யாருடைய தவறும் இல்லை, இணைப்பே அப்படி. இரட்டை வெளியீட்டு எல்என்பியும் தனித்தனிக் கேபிளும்தான் தீர்வு.

4. மழை பெய்யும்போது மட்டும் நின்று, மழை விட்டதும் தானாக வந்தால் அது மழைத் தேய்வு. மழைத்துளிகள் கேயூ பேண்ட் அலையை உறிஞ்சும். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, கொட்டும்போது எந்தக் கம்பெனியானாலும் சில நிமிடம் போகத்தான் செய்யும். தூறலுக்கே போகிறது என்றால் குற்றம் மழையில் இல்லை. டிஷ் சரியாகத் திரும்பியிருக்கவில்லை, அல்லது கனெக்டரில் ஈரம் இறங்கியிருக்கிறது.

5. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள், பகலில் ஒரே நேரத்தில் சில நிமிடம் படம் போகும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்பதால் இப்படி ஆகிறது. இதற்குப் புகார் கொடுத்தும் பயனில்லை, ஆள் அனுப்பியும் பயனில்லை.

டிஷ்ஷிலிருந்து பாக்ஸுக்கு வரும் ஆர்ஜி-6 வகைக் கேபிளில் 1 கிகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 20 டெசிபெல் இழப்பு ஏற்படும். 25, 30 மீட்டருக்குள் முடித்துக்கொள்வது நல்லது. நடுவில் கம்பியை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய ஒட்டு எங்கே இருந்தாலும் அதை வெட்டி எறியுங்கள்.

தோட்டத்து லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) தகரக் கூரையின் மேல் டிஷ் மாட்டும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். காற்றில் தகரம் அதிர்ந்தால் டிஷ்ஷும் அதிரும். சுவரிலோ, தரையில் கான்கிரீட் போட்டு நட்ட கம்பத்திலோ மாட்டினால் பாதிப் புகார் வராது. கம்பம் நேர் செங்குத்தாக நிற்பதும் முக்கியம். சாய்ந்த கம்பத்தில் திசையைத் திருப்பினால் ஏற்றமும், அதாவது டிஷ் மேல்நோக்கும் கோணமும், சேர்ந்தே மாறிவிடும்.

மலைக்கு மழை அதிகம் என்பதால் டிஷ்ஷைப் பெரிதாக்கலாமா என்று கேட்பார்கள். 60 செ.மீ. டிஷ்ஷுக்குப் பதில் 90 செ.மீ. டிஷ் வைத்தால் பரப்பு இரண்டேகால் மடங்கு, சிக்னல் மூன்றரை டெசிபெல் கூடும். மூணாறு, பீருமேடு போன்ற இடங்களில் அது செலவுக்குத் தகுந்த பலன் தரும். கம்பெனி மாறுவதைவிட மலிவும்கூட. ஆனால் பெரிய டிஷ்ஷின் பார்வை குறுகலானது, காற்றையும் அதிகம் பிடிக்கும். மெல்லிய கம்பத்தில் அதை மாட்டினால் இருந்ததும் போகும்.

கம்பெனி மாறினால் வானத்தில் திசையும் மாறும்

விளம்பரத்தில் வராத விஷயம் இது. இந்திய டிடிஎச் கம்பெனிகள் ஒரே செயற்கைக்கோளில் இல்லை. டாடா பிளே கிழக்குத் தீர்க்கரேகை 83 டிகிரியில் இருக்கிறது, 2022 ஜூனில் ஏவிய ஜிசாட்-24 முழுவதும் அதற்கானது. டி2எச் 88 டிகிரி. சன் டைரக்ட் 91.5, 93.5 டிகிரிகளில். தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் 93.5. டிஷ் டிவி 95. ஏர்டெல் 108.2.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவிலிருந்து பார்த்தால் 83 டிகிரிக் கோள் தொடுவானத்திலிருந்து 75 டிகிரி உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட தலைக்கு மேல் இருக்கும். 88க்கு 72 டிகிரி, 93.5க்கு 67, 95க்கு 65. ஏர்டெல்லின் 108.2க்கு மட்டும் 52 டிகிரி, திசையும் ஏறக்குறைய நேர் கிழக்கு. மூணாற்றிலும் இந்த எண்களில் ஓரிரு டிகிரிக்கு மேல் வேறுபாடு வராது.

வீட்டுக்குக் கிழக்கே தென்னையோ, தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரமோ இருந்தால் இந்த எண்கள் பணமாக மாறும். டிஷ்ஷைவிட 12 மீட்டர் உயரமாக நிற்கும் மரம் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு மேலே உள்ள 83 டிகிரிக் கோளுக்கு அந்த மரம் டிஷ்ஷிலிருந்து 3 மீட்டருக்கு அப்பால் இருந்தால் போதும். 93.5க்கு 5 மீட்டர் வேண்டும். 108.2க்கு 9.5 மீட்டர் வேண்டும். இன்று ஒழுங்காக ஓடும் வீட்டில் கம்பெனி மாறியதும் புது மரம் குறுக்கே வருவது இப்படித்தான். மரம் வளரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நான்கு வருடம் முன் நன்றாக ஓடிய டிஷ் இன்று ஓடாததற்குப் பல இடங்களில் இலைதான் காரணம், அதிலும் நனைந்த இலை.

தலைக்கு மேல் பார்ப்பதில் ஒரு குறையும் உண்டு. டிஷ் அண்ணாந்து கிடக்கும். இலை, பறவை எச்சம், மழைநீர் எல்லாம் அதன் மேல் தங்கும். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பது 83 டிகிரிக்காரர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் உதவும்.

91.5, 93.5, 95 மூன்றும் நெருக்கமாக இருப்பதால் அனுபவமில்லாதவர் ஒன்றைத் தேடி இன்னொன்றைப் பிடித்துவிடுவார். அளவு நன்றாகக் காட்டும், தரம் வராது. இரண்டு டிகிரி எவ்வளவு பெரிய தூரம் என்பதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு இருக்கிறது. 2010 ஜூலை 7 அன்று இன்சாட்-4பியில் மின்கோளாறு ஏற்பட்டபோது சன் டைரக்ட் 93.5இலிருந்து 91.5இல் உள்ள மீசாட்-3க்கு இடம் மாறியது. அந்த இரண்டு டிகிரிக்காக வீடு வீடாக டிஷ்ஷைத் திருப்ப வேண்டியிருந்தது.

மாதக் கணக்கு: எல்லையில் எது பிடிக்கிறது?

ரீசார்ஜ் தொகையில் மூன்று துண்டுகள் இருக்கின்றன: இணைப்புக் கட்டணம், கட்டணச் சேனல்களின் விலை, இவை இரண்டின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

2020 ஜனவரித் திருத்தத்தின்படி இணைப்புக் கட்டணம் 200 சேனல் வரை அதிகபட்சம் 130 ரூபாய், அதற்கு மேல் எத்தனை சேனலானாலும் 160 ரூபாய். வரியோடு 130 என்பது 153 ரூபாய் 40 காசு. 2024இல் எடுக்கப்பட்டது இந்த வரம்புதான். ஒரே வீட்டின் இரண்டாவது டிவிக்கு முதல் இணைப்பில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்ற விதியும் அதோடு போனது. எனவே ஒப்பிடும்போது பேக் விலையைப் பார்த்தால் போதாது. இணைப்புக் கட்டணம் எவ்வளவு, இரண்டாம் டிவிக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

சேனல் விலைக்கு இன்னொரு எண் உண்டு: 19 ரூபாய். அதற்கு மேல் விலை வைத்த சேனலைத் தொகுப்பில் சேர்க்க முடியாது. ஆகவே பெரிய சேனல்கள் பலவும் 19இல் நிற்கின்றன. வரியோடு 22 ரூபாய் 42 காசு. 2022 நவம்பர் திருத்தம், தொகுப்பாக எடுத்தால் தனி விலைகளின் கூட்டுத்தொகையில் 45 சதவீதம் வரை தள்ளுபடி தரச் சேனல் நிறுவனங்களுக்கு இடம் கொடுத்தது. மூன்று சேனலைத் தனியாக எடுப்பதைவிடப் பத்து சேனல் தொகுப்பு மலிவாகத் தெரிவது இதனால்தான்.

எல்லை வீட்டில் பாட்டிக்குத் தமிழ் சீரியல், பள்ளி போகும் பிள்ளைகளுக்கு மலையாளம். தமிழில் நான்கு, மலையாளத்தில் இரண்டு, எல்லாம் 19 ரூபாய் என்று கொள்வோம். சேனலுக்கு 114, பழைய வரம்புப்படி இணைப்புக்கு 130, ஆக 244. வரி 43.92 சேர்ந்தால் 287 ரூபாய் 92 காசு. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி நீட்டும் பேக்கைப் பாருங்கள். கேரள முகவரி கொடுத்தால் முதலில் காட்டுவது கேரள பேக். அதன் மேல் தமிழ்ச் சேனல் நிறுவனங்களின் தொகுப்பைச் சேர்க்கலாம். அல்லது தமிழ் பேக்கை அடிப்படையாகக் கேட்டு வாங்கி இரண்டு மலையாளச் சேனலைத் தனியாகச் சேர்க்கலாம். தனிச் சேனலாகத் தேர்ந்தெடுப்பது எந்த மாநிலச் சந்தாதாரருக்கும் உள்ள உரிமை. "இந்த ஏரியாவுக்கு அது கிடையாது" என்று டீலர் சொன்னால், கம்பெனியின் செயலியில் சேனல் பட்டியலைத் திறந்து நீங்களே சேர்த்துப் பாருங்கள். கிடைக்காதது பேக்காக இருக்கும், சேனலாக இருக்காது.

மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. பாக்ஸும் டிஷ்ஷும் ஒருமுறை வாங்கினால் சரி. டிடி தமிழ் வரும், அதாவது 2024 ஜனவரி வரை பொதிகை என்றிருந்த சேனல். தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் பிடிப்பதால் இந்திதான் மிகுதி. சீரியல் வீட்டுக்கு இது சரிவராது.

பாக்ஸை மட்டும் மாற்றுவது எப்போது?

எஸ்டி சேனலின் படத்தில் 576 கோடுகள், எச்டி சேனலில் 1080. பழைய பாக்ஸிலிருந்து மூன்று நிறக் கம்பி வழியாக 43 அங்குல டிவிக்கு எஸ்டி படம் போனால் எந்தக் கம்பெனியானாலும் மங்கலாகத்தான் தெரியும். எச்டி பாக்ஸும் எச்டிஎம்ஐ கம்பியும் போதும், கம்பெனி மாற வேண்டாம். ஆனால் பாக்ஸ் எச்டியாக இருந்தும் எடுத்த சேனல் எஸ்டி என்றால் பலன் கொஞ்சம்தான். எச்டி சேனலுக்குத் தனி விலை, அதுவும் பெரும்பாலும் கூடுதல் விலை. பழைய இணைப்புக் கட்டண வரம்பில் எண்ணிக்கையிலும் ஒரு எச்டி இரண்டு எஸ்டியாகக் கணக்கிடப்பட்டது. 24 அங்குல டிவிக்கு இந்தச் செலவு வீண்.

ஆண்ட்ராய்டு பாக்ஸ், இணையம் இருந்து ஸ்மார்ட் டிவி இல்லாத வீட்டுக்கு நல்லது. ஸ்மார்ட் டிவி உள்ள வீட்டில் அது செய்யும் வேலையை டிவியே செய்கிறது. பதிவு செய்யும் வசதிக்காக மாறுபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பென் டிரைவில் பதிந்தது அந்தப் பாக்ஸில் மட்டுமே ஓடும். பாக்ஸ் போனால் பதிவும் போனது.

எல்லையைத் தாண்டும்போது

தமிழக அரசு கேபிளின் பாக்ஸ் கம்பியில் ஓடுவது. பொள்ளாச்சியிலிருந்து அதைக் கொழிஞ்சாம்பாறைக்குக் கொண்டுவந்தால் வெறும் பெட்டிதான். டிடிஎச் பாக்ஸுக்கு அந்தச் சிக்கல் இல்லை, செயற்கைக்கோளுக்கு வாளையாறு சோதனைச்சாவடி தெரியாது. ஆனால் கணக்கில் முகவரி பொள்ளாச்சி என்றே இருந்தால் புகார் செய்யும்போது ஆள் அங்கேதான் போவார். டிஷ்ஷைக் கழற்றி மாட்டும் முன் முகவரியை மாற்றுங்கள். மாற்றியபின் பேக் தானாகக் கேரள பேக்காகிவிட்டதா என்று அடுத்த ரீசார்ஜுக்கு முன் பாருங்கள்.

மாறுவது என்று முடிவானால்

2020இல் கட்டண டிடிஎச் சந்தாதாரர்கள் 7 கோடியைத் தொட்டிருந்தார்கள். 2025இல் அது 6 கோடிக்குக் கீழே வந்துவிட்டது. இருக்கிறவர்களை விடக் கம்பெனிகளுக்கு மனமில்லை. "இணைப்பை நிறுத்தப் போகிறேன்" என்று வாடிக்கையாளர் சேவையில் சொல்லிப் பாருங்கள், பாக்ஸ் மாற்றத்துக்கோ ரீசார்ஜுக்கோ சலுகை பேச வாய்ப்புண்டு. அதற்குப் பிறகும் மாறுவதாக இருந்தால்:

1. கிழக்கு, தென்கிழக்குத் திசையில் மரம், மாடி, பாறை எதுவும் மறைக்கிறதா என்று மேலே சொன்ன கோணங்களில் பாருங்கள். ஒரே தெருவில் அதே கம்பெனி வைத்திருப்பவர் வீட்டில் மழை நாளில் எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள்.

2. பாக்ஸ் சொந்தமா, வாடகையா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வாடகை என்றால் விலகும்போது திருப்பித் தர வேண்டும். பழைய பாக்ஸுக்கும் இதே கேள்விதான்.

3. முதல் ரீசார்ஜ் ஒரு மாதத்துக்கு மட்டும். வருடச் சலுகை எவ்வளவு இனித்தாலும் ஒரு நல்ல மழை பார்த்தபின் போடுங்கள்.

4. புது டிஷ் மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். கேபிள் எல்என்பியிலிருந்து பாக்ஸ் வரை ஒரே துண்டாக இருக்கட்டும். வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன் கேபிள் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். எல்என்பி முனைக்கு ரப்பர் உறை போடச் சொல்லுங்கள். ஆள் கிளம்பும் முன் தரம் காட்டும் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. பழைய கணக்கில் மீதிப் பணம் இருந்தால், இணைப்பைத் துண்டிக்கும் கோரிக்கையோடு அதையும் எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் நோடல் அதிகாரி (மேல்முறையீட்டுப் புகார்களைப் பார்ப்பவர்) வரை போயும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை, அங்கே கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

6. சித்திரை, ஐப்பசி மாதங்களில் மாலை இடி தொடங்கினால் மின்சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. டிஷ் கேபிளையும் பாக்ஸின் பின்னாலிருந்து கழற்றுங்கள். கேபிள் வழியாக வரும் அதிர்ச்சி பாக்ஸைத் தாண்டி எச்டிஎம்ஐ கம்பி மூலம் டிவியையும் சேர்த்து எரித்துவிடும்.